கையால் இறுக்கி, கால் சுற்று

அத்தியாயம் 11

ஒரு சொல் ஒருத்தியின் தூக்கத்தைக் கெடுக்குமா? கெடுத்தது. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் மருமகளை "ராசாத்தி" என்று கூப்பிட்டாரே, அன்று பிடித்து அவர் பெற்ற மகளுக்கு, மூத்தவளுக்கு, ஏழு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ராசாத்தி என்பது காரின் பெயர். முப்பத்திரண்டு வயதான, சாம்பல் நிறமான, நாலு கதவும் நாலு விதமாகச் சத்தம் போடுகிற காரின் பெயர். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா, அந்த வீட்டில் வாய் நிறைய அழைத்தது அதை ஒன்றைத்தான். பெற்ற மகளுக்கு "ஏம்மா". மகனுக்கு "டேய்". அதில் மூத்தவளுக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. பெயரைக் கார் வைத்துக்கொள்ளட்டும், காரை நான் வைத்துக்கொள்கிறேன் என்று பெரிய மனதாக இருந்துவிட்டாள்.

கல்யாணமாகிப் பத்தே மாதமான தம்பி மனைவிக்கு அந்தப் பெயர் போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கே அப்பா இன்னொரு குண்டும் போட்டிருந்தார். "எனக்கு முட்டி ஆபரேஷன் ஆயிடுச்சு. இனிமே கிளட்ச் மிதிக்க முடியாது. அடுத்த ஞாயிறு மத்தியானம் சாவியை ஒருத்தர் கையில குடுத்துடறேன். வண்டியை யாரு நல்லா வெச்சுக்குவாங்களோ அவங்களுக்கு."

அந்த ஞாயிறு இன்றைக்கு.

"எதுக்கு இவ்வளவு சீக்கிரம் கிளம்பற?" என்றார் அவள் கணவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்பா வீட்டுல வண்டிக்கு ஆயில் மாத்தறாங்களாம். கூட நின்னு பார்க்கணும்."

"பாரு. ஆனா கண்ணு வெச்சுடாதே."

அவள் வாசலுக்கு வந்து ஸ்கூட்டரை உதைத்தாள். உதை கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

அப்பா வீடு இரண்டு தெரு தள்ளி. கார் ஷெட்டில் ஏற்கெனவே கல்யாண வீட்டுக் களை. முன் சக்கரங்கள் இரண்டும் இரும்புச் சாய்தளத்தின் மேல் ஏறி நின்றன. தரையில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில், ஆபரேஷன் செய்த காலை ஒரு முக்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். தம்பி கையில் கைபேசி. தம்பி மனைவி நீல நிற முழு உடுப்பில், தலைமுடியைத் துணியால் கட்டிக்கொண்டு நின்றாள்.

இந்தத் தம்பி மனைவியை எண்பதாயிரம் பேருக்கு "ஸ்பேனர் அக்கா" என்றால்தான் தெரியும். பழைய கார்களை வீட்டிலேயே பராமரிப்பது எப்படி என்று வாராவாரம் வீடியோ போடுகிறவள். மூத்தவள் மட்டும் மனதுக்குள் மகாராணி என்றே சொல்லிக்கொள்வாள்.

தம்பிக்கு அந்த வேலையில் கேமரா பிடிப்பதோடு சரி. கரண்டிக்கும் ஸ்பேனருக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று குடும்பமே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

"வாங்கக்கா!" என்றாள் மகாராணி. "நல்ல நேரத்துல வந்தீங்க. ஆரம்பிக்கப் போறோம்."

"நடத்தும்மா, நடத்து."

கைபேசியில் சிவப்புப் புள்ளி எரிந்தது. மகாராணி பேசினாள். "ஆயில் மாத்தறதுக்கு முன்னாடி எஞ்சினை அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க. இளஞ்சூடா இருந்தாத்தான் அடியில தங்கின கசடெல்லாம் சேர்ந்து வடியும். அதுக்காகக் கொதிக்கக் கொதிக்கத் திறந்துடாதீங்க, கை வெந்துடும். அப்புறம் முக்கியமா, வெறும் ஜாக்கி மேல நிக்கற வண்டிக்கு அடியில எப்பவும் படுக்காதீங்க. சாய்தளம் இல்லேன்னா ஸ்டாண்டு. உயிர் ஒண்ணுதான்."

"அருமையா சொல்றா பாரு!" என்றார் அப்பா.

பற்றிக்கொண்டு வந்தது மூத்தவளுக்கு. பதினாலு வருடமாக இதே ஷெட்டில் இதே இளஞ்சூட்டில் ஆயில் வடித்தவள் அவள். பேட்டரி முனையில் பச்சை பூத்தால் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வாசலின் தடவி வைப்பவள் அவள். ஒவ்வொரு மழைக்கு முன்னும் வைப்பர் ரப்பரைத் தடவிப் பார்ப்பவள் அவள். அப்பா அப்போதெல்லாம் சொன்னது ஒன்றுதான்: "கையைக் கழுவிட்டு உள்ள வா."

மகள் செய்தால் கடமை. மருமகள் செய்தால் அருமை.

"இப்ப ஒரு விசேஷம் காட்டறேன்," என்று மகாராணி கேமராவை இடது முன் கதவுப் பக்கம் அழைத்துப் போனாள். ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியில், வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு குமிழ். "இது கடையில கிடைக்காது. எங்க அக்கா பல் செட் செய்யற லேப்ல வேலை பார்க்கறாங்க. குமிழ் உடைஞ்சப்போ, பல் செட்டுக்கு ஈறு செய்வாங்கல்ல, அந்தப் பொருள்லயே செஞ்சு மாட்டிட்டாங்க. பத்து வருஷமாச்சு, ஒரு கீறல் இல்ல. கையில பிடிச்சா எவ்வளவு வழவழன்னு இருக்கு தெரியுமா!"

சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். மூத்தவள் பட்டுப் பார்த்தாள், வரவில்லை. என் வேலையை ஊர் பார்ப்பதற்குக்கூட இவள் வாய் வேண்டுமா? பத்து வருடம் அந்தக் குமிழைப் பார்த்த அப்பா ஒரு நாள்கூடச் சொல்லவில்லை, நேற்றுப் பெய்த மழையில் முளைத்த காளான் சொல்கிறது.

மகாராணி அட்டையை விரித்துக் காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்தாள். நீல உடுப்பில் இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

மூத்தவளுக்கு வியர்த்தது.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி. தொட்டியின் அடியில் ஒரு போல்ட். அதைக் கழற்றினால் பழைய ஆயில் வடியும். திரும்ப மாட்டிவிட்டு மேலே புது ஆயில் ஊற்ற வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள் லேப் முதலாளியோடு சண்டை போட்டுவிட்டு வந்து, அந்தக் கோபத்தையெல்லாம் ஸ்பேனரில் காட்டி மூத்தவள் அந்தப் போல்ட்டை இறுக்கினாள். உள்ளே ஏதோ நொறுங்கியது கையிலேயே தெரிந்தது. கழற்றிப் பார்த்தால், போல்ட்டைப் பிடித்து நிற்கும் தொட்டியின் மரை பாதிக்கு மேல் சுருள் சுருளாக உரிந்து வந்துவிட்டது.

அப்பாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? "என் வண்டியில ஒரு போல்ட்டுகூடக் கெட்டதில்ல" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுகிற மனுஷன்.

அன்று முதல் ஒவ்வொரு தடவையும் குழாய்க்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப்பைப் போல்ட்டில் நாலு சுற்று சுற்றுவாள். புது செம்பு வாஷர் போடுவாள். கையால் இறுக்குவாள். அப்புறம் ஸ்பேனரால் கால் சுற்று. அதற்கு மேல் ஒரு நூல் திருப்பினாலும் மிச்ச மரையும் போய்விடும். வண்டி எங்கேயாவது ஓடும்போது போல்ட் கழன்று விழும். ஆயில் முழுக்க நிமிடத்தில் கொட்டும். ஆயில் இல்லை என்று சிவப்பு விளக்கு எரிகிறபோது எஞ்சின் செத்திருக்கும்.

இந்த உலகத்தில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சத்தியமாகத் திறந்தாள்.

"பார்த்தும்மா ராசாத்தி, தலையில இடிச்சுக்காதே," என்றார் அப்பா, கார் பக்கம் குனிந்து.

வாய் மூடிக்கொண்டது. கழற்றட்டும் என்று தோன்றியது. மாட்டும்போது இந்தக் கெட்டிக்காரி நல்லா இறுக்கட்டும். கெடுக்கட்டும். எண்பதாயிரம் பேர் பார்க்கக் கெடுக்கட்டும். அப்புறம் தெரியும் சாவி யாருக்கென்று.

"மெதுவா," என்றான் தம்பி, குனிந்து.

மெதுவாவாம். இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டாள் மூத்தவள்.

ஆயில் சட்டியில் விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். எட்டு மாதம் முன்பு அவள் ஊற்றிய எண்ணெய், கறுக்காமல் பழுப்பாகத்தான் இருந்தது. என் கைராசி என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது.

அடியிலிருந்து பேச்சு நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு மகாராணியின் குரல். "கேமராவை நிறுத்துங்க. இங்க வெளிச்சம் பத்தல."

கண்டுபிடித்துவிட்டாளோ? ஆனால் எண்ணெயில் ஊறிய டேப் அவ்வளவு சுலபமாகத் தெரியுமா என்ன? மகாராணி வெளியே வந்து டார்ச்சும் பையும் எடுத்துக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி உள்ளே போனாள். கண்டிருந்தால் சொல்லாமல் இருப்பாளா? நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன் என்று நினைத்தாள் மூத்தவள்.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்," என்று சொல்லி உள்ளே போனாள்.

சமையலறை ஜன்னல் வழியே அப்பா குரல். "நல்லா இறுக்கிடும்மா! ஒழுகிடப் போவுது!"

"ம்ம்!" என்று மூச்சுப் பிடித்த பதில்.

தம்ளரைத் தண்ணீரோடு அப்படியே வைத்தாள். முடிந்தது. கால் சுற்று எங்கே, "ம்ம்" எங்கே.

அவள் திரும்பி வந்தபோது புது ஆயில் ஊற்றி, அளவுக் கம்பியைத் துடைத்துப் பார்த்து, எல்லாம் முடிந்திருந்தது. காரை இறக்கியாயிற்று. அப்பா முன் இருக்கையில் ஏறிக்கொண்டிருந்தார். தம்பி பின்னால். மகாராணி ஸ்டீயரிங்கில்.

"பைபாஸ்ல ஒரு ஓட்டம். பெட்ரோல் பங்க் வரைக்கும் போய் டயருக்குக் காத்துப் பார்க்கறதையும் எடுத்துட்டு வந்துடறோம்கா!"

"ஏம்மா, நீ வரலியா?" என்றார் அப்பா.

"இடம் இல்லப்பா," என்றாள். பின் சீட்டில் தம்பிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம்.

கார் போயிற்று.

வெறும் ஷெட்டில் நின்றாள். தரையில் செய்தித்தாள். அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. குனிந்து தொட்டாள். தேன் நிறம். பழைய ஆயில் இல்லை. இப்போது ஊற்றிய புது ஆயில். வாசலில் இன்னொரு சொட்டு. கேட்டுக்கு வெளியே இன்னொன்று.

பைபாஸ். லாரிகள். அந்த வேகத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால், பின்னால் வருகிறவன் பிரேக் போடுவதற்குள்...

ஐயோ, உள்ளே அப்பா.

தம்பிக்கு அடித்தாள். எடுக்கவில்லை, அதில் படம் ஓடிக்கொண்டிருக்கும். அப்பாவுக்கு அடித்தாள். டீவி மேலிருந்து மணி அடித்தது. மகாராணிக்கு அடிக்கலாம். அடிக்க எண் வேண்டுமே? பத்து மாதமாக அந்த எண்ணை அவள் பதிந்து வைத்துக்கொள்ளவே இல்லை. எதற்கு என்று விட்டிருந்தாள்.

வீட்டுச் செருப்போடு ஸ்கூட்டரில் பறந்தாள். வழி முழுக்கத் தார் ரோட்டில் சொட்டுகளைத் தேடினாள். கண்ணில் நீர் முட்டியதால் எல்லாமே சொட்டாகத் தெரிந்தது. யாரையும் வேண்டிக்கொள்ளக்கூட யோக்கியதை இல்லையே என்று இருந்தது.

பெட்ரோல் பங்கில், காற்றுப் பம்பின் பக்கத்தில் சாம்பல் நிறம் தெரிந்தது. தம்பி கீழே உட்கார்ந்து டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்கூட்டரைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி, டிரைவர் பக்க ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருகி உருவினாள்.

"என்னக்கா?" என்றாள் மகாராணி, பதறி.

"அப்பா, அடியில இருக்கற போல்ட் மரை போயிடுச்சு. ஆறு வருஷமாச்சு. நான்தான் கெடுத்தேன். டேப் சுத்திச் சுத்தி ஓட்டிட்டிருந்தேன். உங்ககிட்ட சொல்லல. இப்ப இவ இறுக்கினதுல மிச்சமும் போய், ஆயில் ஒழுகுது. ஷெட்டெல்லாம் ஆயில். இறங்குங்க, எல்லாரும் இறங்குங்க!"

யாரும் இறங்கவில்லை.

"அக்கா, மூச்சு விடுங்க," என்றாள் மகாராணி. "ஒழுகல. நான் இறுக்கவே இல்ல."

"அப்பா இறுக்குன்னாங்க. நீ 'ம்ம்'னியே. கேட்டேனே."

"மாமா சொன்னாங்க, சும்மா 'ம்ம்'னேன். போல்ட்டைக் கழட்டின உடனே டேப்பைப் பார்த்துட்டேன். அதான் கேமராவை நிறுத்தச் சொன்னேன். பழசை எடுத்துட்டுப் புது டேப் சுத்தி, கையால இறுக்கி, கால் சுத்து. அவ்வளவுதான். அதுக்கு மேல அந்த மரை தாங்காதுன்னு பார்த்தாலே தெரியுதே."

"அப்ப பேப்பர்ல ஆயில்?"

மகாராணி அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். "புனல் சாஞ்சிடுச்சு. அரை தம்ளர் எஞ்சின் மேல சிந்தி, அடி வரைக்கும் வழிஞ்சிடுச்சு. வீடியோல வெட்டிடலாம்னு இருந்தேன்."

அவள் போல்ட்டைக் கெடுத்திருந்தால் மூத்தவளுக்குத் தாங்கியிருக்கும். டேப்பைத் தூக்கிக் கேமராவில் காட்டியிருந்தால்கூட, சண்டை போட்டு ஆறியிருக்கும். இவளோ பார்த்தாள், புரிந்துகொண்டாள், மறைத்தாள், அதுவும் எனக்காக. கெட்டிக்காரியாக இருந்தது போதாதென்று நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே! வயிற்றில் எரிந்த தீயில் அது எண்ணெயாகத்தான் விழுந்தது.

அப்பா ரோஜாக் குமிழைத் திருகித் தன் பக்கக் கண்ணாடியை முழுக்க இறக்கினார். மூத்தவள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"ஆறு வருஷம் சொல்லல. சரி, பயம்," என்றார். குரல் ஏறவில்லை. "அது எனக்குப் புரியும்மா. டெப்போல நானும் ஒண்ணு ரெண்டு மறைச்சவன்தான். இன்னிக்கு இந்தப் பொண்ணு அடியில படுத்தப்போ நீ பக்கத்துலயே நின்னே. நாங்க மூணு பேரும் வண்டியில ஏறினப்போ வாசல்ல நின்னே. இன்னிக்குச் சொல்லாதது என்ன?"

வேலை, தலைவலி, மறந்துவிட்டேன் என்று நாலு பதில் நாக்கு நுனியில் வந்தன. அப்பா முகத்தைப் பார்த்தாள். நாலும் திரும்பிப் போயின.

"பொறாமைப்பா."

சொல்லிவிட்டாள். பங்கில் பெட்ரோல் போட நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"உங்க வாயில இருந்து ஒரு நல்ல வார்த்தை வரும்னு பதினாலு வருஷமா கையைக் கழுவிட்டு உள்ள வந்தேன். இவளுக்குப் பத்து மாசத்துல பேரே குடுத்துட்டீங்க. அதான்."

அப்பாவின் மீசை ஒரு முறை அசைந்தது. பிறகு ஜன்னல் வழியே கையை நீட்டினார்.

"சாவியைக் குடு."

அப்போதுதான் குனிந்து பார்த்தாள். ஏழு நாளாக ஏங்கிய சாவி அவள் கைக்குள்தான் இருந்தது. இறுகப் பிடித்ததில் அதன் பல் உள்ளங்கையில் பதிந்திருந்தது. விரலை விரித்துக் கொடுத்தாள்.

"வீடு போற வரைக்கும் இவ ஓட்டட்டும். போனதும் இது என் பைக்கு வந்துடணும். இன்னிக்கு யார் கைக்கும் போகாது."

மகாராணியின் முகம் ஒரு கணம் சுருங்கியது. அவளும் அந்தச் சாவிக்குக் காத்திருந்தவள்தான் போலும். அதைப் பார்த்த மூத்தவளுக்கு, வெட்கக்கேடு, ஒரு சிட்டிகை இனிப்பு உள்ளே இறங்கியது. பொறாமை ஒத்துக்கொண்டால் போய்விடும் என்று யார் சொன்னது?

கீழே கிடந்த ஸ்கூட்டரைத் தூக்க மகாராணி கூட வந்தாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிமிர்த்தினார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்," என்றாள் தாழ்ந்த குரலில். "டேப் எத்தனை சுத்து சுத்துவீங்க?"

"நாலு. எப்பவும் நாலுதான். ஏன்?"

"நான் கழட்டினப்போ ஏழு இருந்துச்சு."

மூத்தவள் நிமிர்ந்தாள்.

"அந்த ஆயிலும் எட்டு மாசத்து ஆயில் இல்லக்கா. மிஞ்சிப் போனா ரெண்டு மாசம் ஓடியிருக்கும். நீங்கதான் நடுவுல வந்து மாத்தினீங்கன்னு நினைச்சுட்டேன்."

அப்பாவால் முட்டியை மடக்க முடியாது. அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

இருவரும் மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள். கரண்டிக்கும் ஸ்பேனருக்கும் வித்தியாசம் தெரியாத தம்பி, கடைசிச் சக்கரத்துக்குக் காற்றுப் பிடித்து முடித்துவிட்டு, வால்வின் சின்ன மூடியை மாட்டிக்கொண்டிருந்தான். தன்னை யாரும் பார்ப்பதாக அவனுக்குத் தெரியவில்லை.

விரலால் அதைக் கடைசி வரை இறுக்கினான். கொஞ்சம் நிறுத்தினான். அப்புறம், பழகிய கையாக, ஒரு கால் சுற்று.